கருவறைக்குச் செல்லும் கலமும் நெடுந்தீவுக்குச் செல்லும் கலமும்

தாயின் வயிற்றிலே பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும்போதே அப்பிள்ளையின் ஈரலுக்கு வைத்தியம் செய்யலாமா? நம் பாட்டன்மாரிடம் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பர். இன்று நகைப்பதற்கில்லை. அமெரிக்காவிலும் பிரான்சிலும் மருத்துவ அறிஞர் இதனை ஆய்வுகூடத்திலும் வைத்தியசாலையிலும் ஆராய்ந்து வந்துள்ளனர். நோயற்ற கலங்களைக் கருவறையிலுள்ள சிசுவின் உடலிலே செலுத்தி, பரம்பரையாக வரும் குறையை அது பிறக்குமுன்னரே போக்கிவிடுதல் அவ்வாராய்ச்சியின் குறிக்கோள். உயிரணு எனப் பிறர் வழங்குவதையே நம் பாடநூல்கள் கலம் என வழங்குகின்றன.

இதனை வேடிக்கைச் செய்தியாக எடுத்துரைப்பது நமது நோக்கமன்று. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வாழும் நம்மவர்க்கு இவ்வாராய்ச்சியால் ஆவது யாது? இன்றைக்கு நாம் அரசாங்கத்திடமும் நம் பிரதிநிதிகளிடமும் கேட்டுப் பெறவேண்டியது எது? கேளாதிருந்தால் இழக்கப்போவது எது? இவற்றை ஆய்ந்து சொல்வது நமது கடமை. முடிவை முதலிலேயே கூறிவிடுகின்றோம். கருவிலே கலம் செலுத்தி ஈரல் நோயைத் தீர்க்கும் வைத்தியம் இன்னும் முதிரவில்லை. கருவிலுள்ள பிள்ளைக்கு அந்நோய் உண்டா என்று அறியும் வழியோ முதிர்ந்துவிட்டது. அவ்வறிவு இன்று தீவகத்தை வந்தடையாவிட்டால், நாளை முதிரப்போகும் வைத்தியமும் வந்தடையாது.

ஈரல் செய்யும் தொழில்

உடலின் உறுப்புகளுள் ஈரலைப் போலப் பல தொழில்களை ஓயாது புரிவது அரிது. உண்ட புரதத்தின் கழிவாக எழும் அமோனியா என்னும் நஞ்சை யூரியாவாக மாற்றிச் சிறுநீரோடு வெளியேறச் செய்வது ஈரல். பழைய செங்குருதிக் கலங்கள் அழியும்போது தோன்றும் பிலிரூபின் என்னும் மஞ்சட் பொருளைக் கழித்துவிடுவது ஈரல். மிகுந்த செம்பைப் பித்தத்தோடு சேர்த்து அகற்றுவதும் ஈரலே. இத்தொழில் ஒவ்வொன்றையும் ஒரு நொதியமோ வேறொரு புரதமோ நடத்துகிறது. அப்புரதத்தை ஆக்குவதற்குரிய கட்டளை, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பிள்ளைக்கு வரும் பரம்பரை அலகுகளிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையை நடத்தும். இரண்டும் பழுதானால் அத்தொழில் நின்றுவிடும்.

அமோனியாவை மாற்றும் தொழில் நின்ற பிள்ளை, பிறந்த அன்று மற்றப் பிள்ளைகளைப் போலவே அழும், பால் குடிக்கும். இரண்டொரு நாளில் பாலை மறுக்கும், சோர்ந்து உறங்கும், வலிப்பு வரும், மூளை கெடும். பிலிரூபினை மாற்றும் நொதியம் இல்லாத கிறிக்லர்-நஜ்ஜார் நோயில் செங்கமாரி நீங்காது நின்று மூளையைத் தாக்கும். அதன் கடும் வகை கண்ட பிள்ளையை நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நீல ஒளியின் கீழ்க் கிடத்த வேண்டியிருக்கும். தைரோசினேமியா என்னும் நோயின் முதலாம் வகை ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வில்சன் நோயிலே செம்பு ஈரலிலும் மூளையிலும் தேங்கும். பள்ளிக்குச் செல்லும் வயதிலோ வாலிபத்திலோ கைந்நடுக்கமாகவும் பேச்சுக் குழறலாகவும் ஈரற் கேடாகவும் அது வெளிப்படும்.

ஊரிலே இவற்றுக்குத் தனிப் பெயர் கிடையாது. 'தோஷம்' என்பர், 'கிரந்தி' என்பர், 'அந்தக் குடும்பத்துக்குப் பிள்ளை தங்காது' என்பர். பெயரிடப்படாத நோய்க்கு மருந்து தேடுவார் யார்? மூன்றாம் நாளிலே மாண்ட பிள்ளையைப் புதைத்துவிட்டு, அடுத்த பிள்ளைக்கும் அதே கதி நேருமோ என்று அஞ்சி வாழும் தாயின் துயருக்கு முதல் மருந்து, அந்நோயின் பெயரை அறிந்து சொல்வதே.

கன்றுகள் கற்பித்த பாடம்

கருவிலே வைத்தியம் செய்யலாம் என்னும் எண்ணம் மனிதரிடமிருந்து பிறந்ததன்று. மாட்டுத் தொழுவத்திலிருந்து பிறந்தது. 1945இல் அமெரிக்காவில் றே ஓவன் என்னும் அறிஞர் இரட்டைக் கன்றுகளின் குருதியை ஆராய்ந்தார். பசுவின் வயிற்றிலே இரட்டைக் கன்றுகளின் குருதிக் குழாய்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. ஆதலால் ஒரு கன்றின் குருதிக் கலங்கள் மற்றதன் உடலிற் புகுந்து, வளர்ந்த பின்னரும் அங்கேயே நிலைத்து வாழ்கின்றன. பிறந்த பின் அயலாரின் கலத்தைப் பகையென்று விரட்டும் அதே உடல், பிறக்குமுன் வந்த கலத்தை உறவாக ஏற்றுக்கொள்கிறது! 1953இல் பிரித்தானியாவில் மெடவாரும் அவரது துணைவரும் கருவிலுள்ள எலிகளுக்கு அயற் கலங்களைச் செலுத்தி இவ்வுண்மையை நிறுவினர். மெடவார் 1960இல் நோபெல் பரிசு பெற்றார்.

நாற்றுப் பருவத்திலே ஒட்டுவது எளிது, முதிர்ந்த மரத்திலே ஒட்டுவது அரிது என்பதை அறிந்த நம் கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கருவிலுள்ள சிசுவின் நிர்ப்பீடனம் இன்னும் முற்றவில்லை. ஆகவே புதிய கலத்தை அது துரத்துவது குறைவு. இருபது வாரச் சிசுவின் நிறை முந்நூறு கிராம் அளவே. ஆகவே சிறிதளவு கலங்களே அதன் உடலுக்குப் பேரளவாகும். நஞ்சு மூளையைத் தாக்குமுன்னரே வைத்தியம் நிகழ்கிறது. ஆகவே கெட்டபின் திருத்தும் தொல்லை குறைகிறது. இம்மூன்றும் இம்முறையின் சிறப்புகள்.

மனிதரிடத்திலும் இது செய்து பார்க்கப்பட்டுள்ளது. 1988இல் பிரான்சின் லியோன் நகரிலே, பிறவி நிர்ப்பீடனக் குறைபாடு கொண்ட சிசு ஒன்றுக்குக் கருவில் வைத்தே கலங்கள் செலுத்தப்பட்டன. அமெரிக்காவில் அத்தகைய மற்றொரு சிசுவுக்குத் தந்தையின் என்புமச்சைக் கலங்கள் கருவிலே வழங்கப்பட்டமை 1996இல் வெளியிடப்பட்டது. அப்பிள்ளையின் நிர்ப்பீடனம் சீராயிற்று. 2018 அளவிலே சான் பிரான்சிஸ்கோவில், அல்பா தலசீமியா என்னும் கடும் குருதி நோயுள்ள சிசுவுக்குத் தாயின் என்புமச்சைக் கலங்களைத் தொப்புள்கொடி நாளத்தின் வழியே செலுத்தும் முயற்சி தொடங்கியது. பத்து மாதம் தாயின் உடலோடு ஒன்றி வாழும் சிசு தாயின் கலத்தைப் பொறுத்துக்கொள்கிறது. ஆகவேதான் தாயினுடையவை தெரிந்தெடுக்கப்பட்டன.

வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை குருதிக்கும் நிர்ப்பீடனத்துக்கும் உரிய நோய்கள். கருவிலே கலம் செலுத்தி மனிதரின் பரம்பரை ஈரல் நோயைத் தீர்க்கும் முறை எந்த நாட்டிலும் வழக்கமான வைத்தியமாகவில்லை. ஆயினும் அதன் இரு கரைகளிலும் பாலம் கட்டப்பட்டு வருகிறது.

ஹைதராபாத்திலிருந்து பிலடெல்பியா வரை

ஒரு கரை, பிறந்த பிள்ளைக்கு ஈரற் கலம் கொடுப்பது. 1998இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரிலே, கிறிக்லர்-நஜ்ஜார் நோயுற்ற பத்து வயதுச் சிறுமிக்கு நல்ல ஈரற் கலங்கள் நாளத்தின் வழியே செலுத்தப்பட்டன. நோயின் கடுமை தணிந்தது. ஆயினும் முற்றாக நீங்கவில்லை. நம் அண்டை நாட்டிலும் இத்துறை பழையதே. ஹைதராபாத்திலே வைத்திய கலாநிதி ஹபிபுல்லாவும் அவரது குழுவினரும், திடீரென ஈரல் செயலிழந்த நோயாளருக்குச் சிசு ஈரலின் கலங்களைக் கொடுத்துப் பார்த்ததை 1994இல் வெளியிட்டனர். அதே குழுவினர் கிறிக்லர்-நஜ்ஜார் நோயுற்ற இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு ஈரலின் மூலக் கலங்களைச் செலுத்தியதையும், அதனால் பிலிரூபின் குறைந்ததையும் 2008இல் அறிவித்தனர். தமிழ்நாட்டின் மயிலாடுதுறைப் பகுதியிலே பிறந்த வைத்திய கலாநிதி முகமது ரேலா, 1997இல் இலண்டனிலே ஐந்து நாட் குழந்தைக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றார். பின்னர் சென்னைக்கு வந்து தொண்டாற்றி வருகிறார். ஆகவே இவ்வறிவு தமிழருக்கு அயலாருடைய அறிவன்று.

மற்றக் கரை, கருவிலேயே ஈரலைத் திருத்துவது. 2018இல் பிலடெல்பியா நகரின் ஆய்வாளர் தைரோசினேமியா நோயுள்ள எலிகளின் பரம்பரை அலகைக் கருவில் வைத்தே மாற்றி, அவை பிழைத்து வாழ்ந்ததைக் காட்டினர். அதே நகரிலே 2025ஆம் ஆண்டில், அமோனியாவை மாற்றும் நொதியங்களுள் ஒன்று இல்லாது பிறந்த ஆண் குழந்தைக்கு, அக்குழந்தை ஒன்றுக்கென்றே ஆக்கப்பட்ட மருந்தால் ஈரற் கலங்களின் பரம்பரை அலகு திருத்தப்பட்டது. அது பிறந்தபின் செய்யப்பட்ட வைத்தியம். ஆயினும் பிறந்த சில நாட்களிலேயே நோயின் பெயர் அறியப்பட்டதனாலன்றோ அரை வயதுக்குள் அம்மருந்து ஆயத்தமாயிற்று!

இன்னொன்றும் உண்டு, அது இன்றே பயன் தருவது. சில தாய்மாரின் உடல், கருவிலுள்ள சிசுவின் ஈரலைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. ஒரு பிள்ளை அவ்வாறு இறந்தால் அடுத்த பிள்ளையும் பெரும்பாலும் அவ்வாறே பாதிக்கப்படும். ஆதலால் நெடுங்காலம் இது பரம்பரை நோயென்றே எண்ணப்பட்டது. 2004இல் சிக்காகோ நகர வைத்தியர் ஒருவரின் குழுவினர், கர்ப்பிணித் தாய்க்கு வாரந்தோறும் இம்யூனோகுளோபுலின் என்னும் குருதிப் புரதத்தை ஏற்றி, பிறந்த பிள்ளைகளைக் காப்பாற்றியதை வெளியிட்டனர். பிள்ளையின் ஈரலுக்கான வைத்தியம் தாயின் கையிலேற்றும் ஊசியாக முடிந்தது. ஆனால் முதற் பிள்ளை ஏன் இறந்தது என்று எவரேனும் கண்டறிந்து எழுதி வைத்திருந்தாலன்றி, இரண்டாம் பிள்ளைக்கு அந்த ஊசி கிட்டாது.

நாம் சொல்ல வந்த உண்மை இங்கேயே அடங்கியிருக்கிறது. கலமாயினும் ஊசியாயினும், முன்கூட்டியே அறிந்த குடும்பத்துக்கே அது பயன் தரும்.

தீவகத்தின் நிலை

இனி நமது தீவுகளுக்கு வருவோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ் செல்லும். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகிலே கால் மணி நேரம் அளவே. நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். காற்றெழுந்தால் அதுவும் இல்லை. நெடுந்தீவிலே வைத்தியசாலை உண்டு. ஆயினும் கடும் நோயாளியைக் கடற்படையின் படகு ஏற்றி வந்தது என்பது இன்றும் பத்திரிகைச் செய்தியாகவே இருக்கிறது. 1985 மே 15இல் குமுதினிப் படகிலே நம் மக்கள் வெட்டுண்டு மாண்டதை மறவாத இத்தீவினருக்குக் கடற்பயணம் என்பது வெறும் பயணமன்று. அத்தகைய கடலைக் கடந்தே ஒவ்வொரு நெடுந்தீவுத் தாயும் மகப்பேற்றுக்குச் செல்கிறாள்.

இத்தீவுகளிலே மக்கட்டொகை சிறிது. போரும் இடப்பெயர்வும் அதனை மேலும் சிறிதாக்கின. ஊருக்குள்ளும் உறவுக்குள்ளும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தல் நம் முன்னோர் வகுத்த வழக்கம். மாமன் மகளை மணப்பதும் அத்தை மகனை மணப்பதும் காணியையும் உறவையும் காத்தன. இவ்வழக்கத்தைப் பழிக்க நாம் எழுதவில்லை. உறவிலே மணந்தோரின் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். எனினும் விஞ்ஞானம் கூறுவதை மறைத்தலும் தகாது. பழுதான பரம்பரை அலகொன்றை நோயில்லாமலே தாங்கித் திரிபவரைக் 'காவி' என்பர். காவியும் காவியும் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே பாட்டனின் பேரர் இருவர் மணக்கும்போது, பாட்டனிடமிருந்த அதே பழுது இருவரிடத்திலும் இருக்கும் வாய்ப்பு மிகுகிறது. நூற்றுக்கு இரண்டு மூன்றாக இருக்கும் பிறவிக் குறைகள், நேர் மச்சான் மச்சாள் மணத்திலே ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று உலக ஆய்வுகள் கூறுகின்றன.

இத்தகைய சிறு சமுதாயம் என் செய்தல் வேண்டும்? கனடாவின் கியூபெக் மாகாணத்திலே சாகெனே என்னும் பகுதி உண்டு. பிரெஞ்சு மொழி பேசும் சில குடும்பங்கள் குடியேறிப் பல்கிய இடம் அது. அங்கே தைரோசினேமியா நோய் 1,846 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவிலே காணப்பட்டது; இருபது பேருக்கு ஒருவர் அளவிற் காவிகளாக இருந்தனர். அம்மக்கள் வெட்கி மறைக்கவில்லை, விதியென்று வாளாவிருக்கவுமில்லை. 1970 முதல் கியூபெக்கிலே பிறக்கும் பிள்ளைகளின் குருதி இந்நோய்க்காகப் பரிசோதிக்கப்பட்டது. 1980இல் பரம்பரை நோய்களைப் பற்றி மக்களுக்குக் கற்பிக்கவும் ஆராயவும் சாகெனேயிலேயே ஒரு கழகம் தோன்றியது. 1992இல் சுவீடன் நாட்டவர் நிற்றிசினோன் என்னும் மருந்து இந்நோய்க்குப் பயன்படுவதை வெளியிட்டனர். அப்போது அதைப் பெறவேண்டிய பிள்ளைகள் யாவர் என்பது கியூபெக்கிலே முன்னரே தெரிந்திருந்தது. மருந்து வருமுன்னரே பதிவேடு ஆயத்தமாக இருந்தது! தம் மொழியிலே தம் நோயை அறிந்து, தம் அரசாங்கத்திடம் கேட்டுப் பெற்ற அச்சிறு சமுதாயத்தை நம் தீவகம் பின்பற்றலாகாதா? ஊர்காவற்றுறையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் கனடாவுக்குச் சென்ற நம்மவரின் பிள்ளைகளுக்கு, அங்கே பிறந்த சில நாட்களுள் குதிக்காலிற் குத்திக் குருதி எடுத்துப் பல நோய்களைத் தேடுகின்றனர். ஊரிலே தங்கிய உடன்பிறந்தாரின் பிள்ளை மட்டும் அறியப்படாமல் இருப்பது எந்த நியாயம்?

சட்டம் நிற்கும் இடம்

இந்நாட்டிலே இக்கேள்விக்குத் தனிக் கூர்மை ஒன்றுண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிக் கருவைக் கலைத்தலைக் குற்றமாக்குகிறது. சிசுவுக்குத் தீராத நோயுண்டு என்பது அதற்கு விலக்காகாது. அச்சட்டம் மாறவேண்டுமா நிலைக்கவேண்டுமா என்பதை இங்கே வாதிக்க நாம் வரவில்லை. அதிலே நல்லோர் பலர் இரு பக்கத்திலும் நிற்கின்றனர். நாம் கேட்பது வேறு. பிள்ளையைப் பெற்றே ஆகவேண்டும் என்று தாயைக் கட்டளையிடும் அரசாங்கத்துக்கு, அப்பிள்ளையைக் காக்க இயன்றதனைத்தும் செய்யும் கடமை இருமடங்காகிறதன்றோ? பிற நாடுகளிலே கருவைச் சோதிப்பது பலருக்கு ஒரு தெரிவின் தொடக்கம். இங்கே அது வைத்தியத்தின் தொடக்கமாக இருந்தாலன்றித் தாயின் துயரத்தை முன்கூட்டியே கூட்டுவதாக முடியும். ஆகவே கருவறை வைத்தியம் செல்வர்க்குரிய ஆடம்பரம் என்று எவரும் தள்ளிவிட முடியாது.

கலம் செலுத்தும் முறை வரும் வரையிலும் முன்கூட்டி அறிவதால் பயனில்லை என்று கூறுவார் அறியாதார். யூரியா நோயுள்ள பிள்ளை இன்ன நாளிற் பிறக்கும் என்று தெரிந்தால், அதைக் குறிகட்டுவானுக்கு அப்பாலன்று, அமோனியாவை அளக்கவும் மருந்தேற்றவும் வல்ல வைத்தியசாலையிலே பிறக்கச் செய்யலாம். முதற் சில மணி நேரத்திலேயே காக்கத் தொடங்கலாம். தைரோசினேமியா உள்ள பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் தொடங்கலாம். கிறிக்லர்-நஜ்ஜார் உள்ள பிள்ளையை முதல் நாளிலிருந்தே ஒளியின் கீழ்க் கிடத்தலாம். வில்சன் நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டால், அவருடைய உடன்பிறந்தார் அனைவரையும் சோதித்து, நோய் தலைகாட்டுமுன்னரே மருந்து கொடுக்கலாம். செம்பை அகற்றும் பெனிசிலமின் 1956 தொடக்கம் கையில் இருக்கும் மருந்தே. இவை அனைத்தும் இன்றைய வைத்தியம், நாளைய கனவல்ல.

நாம் கேட்பவை

முதலாவது, குடும்பப் பதிவு. கர்ப்பிணியைப் பதியும்போதே கணவன் மனைவி உறவினரா என்று கேட்டுக் குறிக்கும் வழக்கம் நம் குடும்பநல மாதரிடம் உண்டு. குறித்தபின் யாது நிகழ்கிறது என்பதே நமது கேள்வி. அக்குறிப்போடு, முன்னைப் பிள்ளைகளுள் காரணமறியாது இறந்தவை உண்டா, செங்கமாரியால் வருந்தியவை உண்டா என்பனவும் எழுதப்பட்டு, சுகாதார வைத்திய அதிகாரியின் மேசையிலே நில்லாமல், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் நிபுணர் கையை அடையவேண்டும். வீடு வீடாகச் சென்ற ஊழியராலும் ஒழுங்கான பதிவேடுகளாலும் அன்றோ 2016இல் இந்நாடு மலேரியா அற்ற நாடென உலக சுகாதார அமைப்பின் சான்று பெற்றது!

இரண்டாவது, குருதித் துளி. 1960களின் தொடக்கத்திலே றொபேட் கத்திரி என்னும் அமெரிக்க வைத்தியர், குழந்தையின் குதிக்காற் குருதியைக் கடதாசியிலே துளியாக உலர்த்திச் சோதிக்கும் முறையை நிலைநாட்டினார். தைரொயிட் குறைபாட்டுக்காக இந்நாட்டிலே இத்துளி எடுக்கப்பட்டு வருகிறது. அதே துளியில் ஈரலைச் சார்ந்த பரம்பரை நோய்கள் சிலவற்றையும் தேடலாம். தீவகத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறென்ன? தாயும் சேயும் கடல் கடக்க வேண்டியதில்லை. உறையிலிட்ட கடதாசித் துண்டு கடந்தாற் போதும்.

மூன்றாவது, தமிழிலே ஆலோசனை. கொழும்பு மருத்துவ பீடத்தின் மனிதப் பரம்பரையியற் பிரிவு 1983 முதல் இயங்கி வருகிறது. யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இலே தொடங்கியது. இரண்டும் கைகோத்து, மாதம் ஒரு முறையேனும் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலே பரம்பரை நோய் ஆலோசனை நடத்துதல் வேண்டும். பிள்ளையை இழந்த தாயொருத்தி தன் துயரத்தையும் தன் ஐயத்தையும் தன் மொழியிலே சொல்லி, தன் மொழியிலே விடை பெறவேண்டும்.

நான்காவது, மகப்பேற்றுத் திட்டம். ஆபத்துள்ள கர்ப்பிணி எந்த வாரத்திலே தீவை விட்டுச் செல்வாள், எங்கே தங்குவாள், உடன் செல்பவர் யார், செலவை யார் தாங்குவார் என்பவை முன்னரே எழுதப்படவேண்டும். படகுக்குக் காத்திருந்து கழியும் மணிகளே மூளையைக் கெடுக்கும் மணிகள்.

ஐந்தாவது, ஏமாற்றைத் தடுக்கும் காவல். 'மூலக் கலம்' என்னும் பெயராலே எல்லா நோயையும் தீர்ப்பதாகப் பறைசாற்றிப் பணம் பறிப்போர் உலகெங்கும் உளர். காணியை ஈடுவைத்துக் கடல் கடந்து சென்று ஏமாறும் நிலை நம் கமக்காரக் குடும்பங்களுக்கு நேராதிருக்கவேண்டும். மனித இழையங்களை மாற்றிப் பொருத்துதல் பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்ட காலத்திலே இத்தகைய வைத்தியம் தொட்டிலிற்கூட இல்லை. கருவிலுள்ள சிசுவுக்குக் கலம் செலுத்துவதையும், கலங்களை எங்கிருந்து எவர் சம்மதத்தோடு பெறுவது என்பதையும் இன்றைய அறிவுக்கேற்ப வரையறுக்கும் விதிகள் வேண்டும். தாயின் உடலைத் துளைத்தே சிசுவை அடையவேண்டும். துளைப்பதால் கரு அழியவும் கூடும். தாய் விளங்கிச் சம்மதியாத எந்த வைத்தியமும் வைத்தியமாகாது.

ஒரு மறுப்பும் நமது விடையும்

'தீவகத்திலே நல்ல குடிநீருக்கே வழியில்லை. கிணறுகள் உவர்க்கின்றன. இளைஞர் வெளியேறுகின்றனர். இந்நிலையிலே கருவறை வைத்தியமா?' என்று கேட்போர் இருப்பர். அவர்களது சினம் நமக்கு விளங்குகிறது. ஆயினும் நாம் கேட்பது கோடிகள் கொட்டிக் கட்டும் மாளிகையன்று. பதிவேடும் கடதாசியும், மாதம் ஒரு முறை வரும் வைத்தியரும், புறப்படும் நேரம் தவறாத படகும் கேட்கின்றோம். குடிநீருக்கும் இதே படகு வேண்டும். பள்ளி ஆசிரியருக்கும் இதே படகு வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் நியாயம் தீவகத்தாருக்கு மட்டும் ஏன் ஓதப்படுகிறது? நோயால் வருந்தும் குடும்பங்கள் சிலவாக இருக்கலாம். எண்ணிக்கை சிறிதென்று உரிமை சிறிதாகிவிடாது. சிறுபான்மையினராகிய நாமே இதனை மறந்தால் வேறெவர் நினைப்பார்?

வாசகராகிய நீங்கள் இன்றே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பிறந்த பிள்ளையின் செங்கமாரி பதினான்கு நாளைக் கடந்தும் நீங்காதிருந்தாலோ, மலம் வெளிறிச் சுண்ணாம்பு போல் இருந்தாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தாலோ, வெயிலிலே காட்டிக்கொண்டு வீட்டிலே காத்திராதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பித்தக் குழாய் அடைப்பால் வரும் செங்கமாரிக்கு, 1950களில் யப்பானிய வைத்தியர் கசாய் வகுத்த சத்திரசிகிச்சை, அறுபது நாளுக்குள் செய்யப்படும்போதே நன்கு பயன் தருகிறது. நாள் கடந்தால் ஈரல் கடந்துபோம்.

நம் மண்ணின் முன்மாதிரி

இத்தகைய அறிவைத் தமிழிலே சொல்ல முடியுமா என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மானிப்பாயிலே வைத்தியசாலை நிறுவித் தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். உடற்கூறும் இரண வைத்தியமும் இரசாயனமும் தமிழ் நூல்களாயின. அயல் நாட்டவர் ஒருவர் அன்று நம் மொழியிலே செய்ததை, நம் மருத்துவ பீடத்தின் பட்டதாரிகள் இன்று செய்யக்கூடாதா? பரம்பரை அலகு என்றால் என்ன, காவி என்றால் யார், நான்கில் ஒன்று என்றால் எவ்வளவு என்பவற்றை நெடுந்தீவின் பள்ளிப் பிள்ளையும் விளங்கும்படி எழுதும் பணி அவர்களுடையது. அதனை அச்சிட்டு ஊரூராகக் கொண்டு செல்லும் பணி நம்முடையது. அதற்கான நிதியையும் படகையும் அரசாங்கத்திடம் வாதாடிப் பெறும் பணி, வாக்குக் கேட்டு இறங்குதுறைக்கு வந்த நம் பிரதிநிதிகளுடையது.

தமிழிலே கலம் என்னும் சொல் படகையும் குறிக்கும். உயிரின் நுண்ணிய கூறையும் குறிக்கும். கருவறைக்குள் நல்ல கலத்தைச் செலுத்த உலக அறிஞர் வழி தேடுகின்றனர். அவர் வழி காணும் நாளில், அதைப் பெறவேண்டிய தாய் நெடுந்தீவுத் துறையிலே கலமின்றி நிற்கலாகாது. இதுவே நமது கோரிக்கை. சுகாதார அமைச்சும் வடமாகாண சுகாதாரத் திணைக்களமும் இதற்கு விடை கூறட்டும்.